பச்சை நூல் கட்டிய கோல்

பொறாமை எல்லோருக்கும் வருவதுதான். பக்கத்துக் கடைக்காரன் மேல் வரும், கூடப் படித்தவன் மேல் வரும், பங்காளி மேல் வராவிட்டால்தான் ஆச்சரியம். தக்கைக்காரருக்கு வந்ததோ சொந்தப் பெண்டாட்டி மேல். அதுவும் எதற்கு? தூண்டில் கோலுக்கு அவள் நன்றாகக் கைப்பிடி போடுகிறாள் என்பதற்கு. சிரிக்காதீர்கள். மனுஷன் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி, சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் கிடங்குக்கு அடுத்தது அவர்கள் பட்டறை. முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடை. அங்கே மச்சினன், அதாவது அவள் தம்பி, ரீலும் தூண்டில் நரம்பும் கொக்கியும் விற்பான். பின்னால் நீளமாக ஒரே அறை. ஜன்னலோரம் லேத்தும் அரமும் உப்புத்தாளுமாக அவர் மேசை. எதிர்ச் சுவரோரம் நூல் கண்டுகளும் பிரஷ்ஷுமாக அவள் மேசை. கோலில் நரம்பு ஓடும் வளையங்களை வைத்து நூலால் சுற்றிக் கட்டி வார்னிஷ் பூசுவது அவள் வேலை. கைப்பிடி அவர் வேலை. தக்கை வில்லைகளை அடுக்கி ஒட்டி, லேத்தில் ஓடவிட்டு, உப்புத்தாளால் வழவழவென்று இழைத்து, கடைசியில் தேன்மெழுகால் ஒரு தேய் தேய்த்து அவர் எடுத்துக் கொடுக்கும் பிடியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், அப்படி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே வங்கிக்குப் போனால்தான் ஞாபகம் வரும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கைப்பிடி போட்டவர், அதற்குச் சற்று மேலே தன் நிறத்தில் நூலை மெல்லிய பட்டையாகச் சுற்றி அதன்மேல் வார்னிஷ் பூசிவிடுவார். கையெழுத்துப் போடுகிற மாதிரி. அவருடைய நிறம் சிவப்பு. துறைமுகத்தில் எவர் கோலைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவர் கண் முதலில் அந்தச் சிவப்பைத்தான் தேடும். கண்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை இருக்காது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லேத்தில் அவருடைய கட்டைவிரல் மாட்டும் வரை. கட்டுப் போட்ட மருத்துவர், அரத்தைத் தொட்டால் விரல் மடங்காமலே போய்விடும் என்று பயமுறுத்தி அனுப்பினார். வந்த வேலையை வாசலோடு திருப்ப முடியுமா? அவள் எடுத்துச் செய்தாள். "கட்டு பிரிக்கிற வரைக்கும்தானே" என்றாள். தனக்கென்று பச்சை நூல் எடுத்துக்கொண்டாள். கட்டும் பிரித்தாயிற்று. பச்சை நூல் மட்டும் நின்றபாடில்லை.

அவள் தக்கைப் பக்கமே போகவில்லை. வருகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "தூண்டில் ராடப் பிடிக்கிறப்போ உங்க கையில என்ன இருக்கும்?"

கேட்டவர் முழிப்பார். பிறகு யோசித்துச் சொல்வார். இரையை வெட்டிய ரத்தம் இருக்கும் என்பார் ஒருவர். வெயிலுக்குத் தடவிய கிரீம் என்பார் இன்னொருவர். கையுறை என்பவர் உண்டு. பாறையில் நின்று மணிக்கணக்கில் வீசுகிறேன், கையில் வலிதான் இருக்கும் என்று ஒரு கிழவர் சொன்னார். அவருக்கு மெத்தென்று ஃபோம் போட்டாள். உப்பு ஏறினால் குழாயடியில் காட்டிக் கழுவிவிடலாம். ரத்தமும் கொழகொழப்பும் உள்ளவர்களுக்கு, கோலின் மேல் பசை தடவிக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கிக்கொள்ளும் ரப்பர் குழாயை மாட்டினாள். அது நனைய நனையத்தான் கையை இறுக்கிப் பிடிக்கும். தக்கை அப்படி இல்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் அது மகாராணி. கடலுக்குப் போனால் உப்பு அதன் துளைகளில் உட்கார்ந்து அரிக்கும், இரையின் நாற்றம் ஏறிக்கொண்டு இறங்கவே இறங்காது.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் இத்தனை வருஷமாக யார் வந்தாலும் தக்கையையே போட்டுக் கொடுத்தார், அது அவர் கைக்குப் படிந்த வேலை என்பதால். அவள் கேட்பது சரியான கேள்வி என்பதும் தெரியும். அதுதான் எரிந்தது. தப்பாகச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

கேள்வியோடு நிறுத்தினாளா? வந்தவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையின் அடியிலிருந்து நடுவிரல் நுனிவரை நூல் வைத்து அளந்தாள். 'ஊரான் கையை எல்லாம் பிடித்துப் பார்க்க இவள் என்ன ஜோசியம் சொல்கிறாளா?' என்று லேத்தின் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். அவள் வாடிக்கையாளரோடு சிரித்தால், இவர் லேத்தைச் சும்மா ஓடவிட்டுச் சத்தம் எழுப்புவார்.

"அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் வர ஆரம்பித்தார்கள். மச்சினனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, உங்க கடைக்கு வந்து உங்கள யாருமே தேட மாட்டேங்கறாங்களே, ஏதாவது கடன் கிடன் குடுத்து வச்சிருக்கீங்களா?"

"உன் வேலையப் பாருடா" என்று சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றது.

அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவள் செய்த பிடிகளை எடுத்துத் திருகிப் பார்ப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார், மோந்துகூடப் பார்ப்பார். குறை எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வரும்.

ஒருநாள் அவளே ஒரு பிடியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்த முனை சரியா வந்திருக்கா பாருங்க."

"என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது? நீதான் பெரிய ஆளாச்சே."

"ஆமா, பெரிய ஆளுதான். பெரிய ஆளு கேக்கறேன்ல, பாருங்க" என்று சிரித்தாள். அவள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். அவருக்கோ அந்தச் சிரிப்பு காதுக்குள் ஈ புகுந்த மாதிரி நாள் முழுவதும் ரீங்கரித்தது.

இந்த நிலைமையில்தான் படகுக்காரர் வந்து சேர்ந்தார். ஆழ்கடலில் மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களை வாடகைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். புதுப் படகு இறக்கியிருந்தார். படகு முழுவதற்கும் கோல்கள் வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி பிடியோடு.

"அண்ணே, தக்கையா ரப்பரான்னு எனக்கே குழப்பமா இருக்கு" என்றார். "நீங்க ஒண்ணு செய்யுங்க, அக்கா ஒண்ணு செய்யட்டும். கடல் தண்ணியில கையை நனைச்சு, பாரம் கட்டித் தூக்கிப் பாப்போம். எது நிக்குதோ அதுதான் படகு பூரா. இனிமே வர்ற வேலையெல்லாமும் அவங்களுக்குத்தான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போட்டியெல்லாம் எதுக்குங்க? அவரே செய்யட்டும்."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அவருக்கு மண்டை வரை ஏறியது. "ஏன், எனக்குப் பிச்சை போடறியா? நீயும் செய். நானும் பாக்கறேன்."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "சரி, செய்யறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. படகு பச்சை நூலோடு கடலுக்குப் போனால் துறைமுகம் பூராவும் பார்க்கும். சிவப்பு நூல் பழைய கோல்களோடு மூலையில் சாத்திக் கிடக்கும். கைப்பிடிக்காரம்மாவின் புருஷன் என்று தன்னைக் காட்டுவார்கள். இத்தனை காலம் அவளைத் தக்கைக்காரர் பெண்டாட்டி என்று காட்டினார்களே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா? மாட்டாரே!

தன் தக்கையை அவர் உயிரைக் கொடுத்துச் செய்தார். துளையில்லாத வில்லைகளாகப் பொறுக்கி எடுத்தார். மெழுகைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, எதிர் மேசையில் அவள் தன் கோலை ஸ்பிரிட் நனைத்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பசை பிடிக்க வேண்டுமானால் கோலில் ஒரு பொட்டு எண்ணெய்ப் பசைகூட இருக்கக் கூடாது. துடைத்ததைத் தாங்கியில் காயவைத்துவிட்டு, "சாப்பிட வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"நீ போ. பசியில்ல."

அவள் போனாள். முன்கடையில் மச்சினன் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவர் கையில் மெழுகுக் கட்டி இருந்தது. அவராக எடுத்தாரா, முன்பே இருந்ததா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எழுந்து போய், ரீலுக்கு மேலே இடது கை பிடிக்கும் இடத்தில், பிடி உட்காரப்போகும் நீளத்துக்கு, அந்தக் கட்டியால் கோலை ஒரு சுற்றுச் சுற்றித் தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். ஆனால் பசை வேலைக்கு அவள் கையுறை மாட்டிக்கொள்வாள். அந்த ஒரு நேரத்தில்தான் அவள் விரலுக்குக் கண் கிடையாது. இது அவருக்குத் தெரியும். கூடவே வேலை செய்கிறவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்து உட்கார்ந்தார். துடைத்துவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் உட்கார்ந்தார். பிறகு அவள் வந்துவிட்டாள், கையுறையை மாட்டினாள், பசையைக் கலக்கினாள்.

சொன்ன நாளில் படகுக்காரர் ஒரு வாளி கடல் தண்ணீரோடு வந்தார். வெட்டிய இரையும் அதில் மிதந்தது. பட்டறைக்குப் பின்னால் முற்றத்தில் இரும்பு உத்தரம் ஒன்று உண்டு. அதன்மேல் நரம்பை விட்டு, மறுமுனையில் மணல் மூட்டையைக் கட்டினார்கள். மச்சினன் கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றான்.

படகுக்காரர் கையை வாளியில் முக்கிக் கொழகொழவென்று எடுத்து, முதலில் தக்கைக் கோலைப் பிடித்தார். தூக்கினார். மூட்டை எழும்பியது, கை சற்று நழுவியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், வழுக்குது. ஆனா அழுத்திப் பிடிச்சா நிக்குதுண்ணே" என்றார். தக்கைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு பச்சை நூல் கோலை எடுத்தார். பாரம் கட்டாமல் கையில் வைத்துத் திருப்பினார், குலுக்கினார். "அட! கையோட ஒட்டிக்குது. ஆனா என் கைக்குக் கொஞ்சம் பெரிசு. என் கைய நீங்க அளக்கவே இல்லையேக்கா? யார் கைக்குச் செஞ்சீங்க?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "படகுக்கு வர்றவங்க கையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல ஒரு கை இருக்கே, அதுக்குச் செஞ்சேன்."

"எப்ப அளந்த?" என்றார் தக்கைக்காரர். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"மத்தியானம் தூங்கினீங்களே, அப்பத்தான். நீங்க விட்ட குறட்டையில நூல் என்ன, கயிறு போட்டு இழுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். படகுக்காரரும் சிரித்துக்கொண்டே கோலை நீட்டினார். "அப்ப அண்ணன்தான் தூக்கணும். உங்க கைக்குச் செஞ்சது, நீங்களே தூக்கிக் காட்டுங்க."

வாளியில் கையை முக்கினார். பிடியைப் பற்றினார். கை போய் உட்கார்ந்தது, சொந்த வீட்டில் சொந்த நாற்காலியில் உட்காருகிற மாதிரி. கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பருக்கு அடியில் கயிறு கூடுதலாக இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அடிபட்ட அந்த விரலால் இப்போதெல்லாம் அவரால் எதையும் அழுத்திப் பிடிக்க முடிவதில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மேட்டில் விரலைச் சும்மா சாய்த்து வைத்தாலே போதும், அழுத்த வேண்டிய தேவையே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள். அவர் அவளுடைய வேலையில் குறை தேடித் துருவிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவள் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோலைத் தாழ்த்தினார்.

"போதும்" என்றார். "நல்லாத்தான் இருக்கு. பாரமெல்லாம் வேண்டாம். இதையே எடுத்துக்குங்க."

"அதெப்படிண்ணே? உங்க ராடுக்கு ஒரு நியாயம், அக்கா ராடுக்கு ஒரு நியாயமா?"

"நான்தான் சொல்றேனே, இதுவே இருக்கட்டும். இன்னொரு தடவ ஒட்டிட்டு, நாளைக்கு…"

"எதுக்கு மறுபடி ஒட்டணும்?" என்றாள் அவள். "தூக்குங்க. நிக்கும்."

அவள் முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. படகுக்காரர் நரம்பைக் கட்டிவிட்டார். வேறு வழியில்லை. கோலின் அடியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு தூக்கினார். மெதுவாக, மிக மெதுவாக, மெழுகு ஒருவேளை தாங்கிவிடும் என்று வேண்டிக்கொண்டே தூக்கினார்.

ரீல் மேல்பக்கம் உட்காரும் கோல் அது. பாரம் வந்தால் கவிழத்தான் பார்க்கும். பிடிதான் அதை நேராக நிறுத்த வேண்டும். மூட்டை தரையை விட்டதும் பிடியின் உள்ளே வழுக்கென்று கோல் உருண்டது. கையும் ரப்பரும் இருந்த இடத்திலேயே இருக்க, கோல் மட்டும் தலைகீழாகப் புரண்டு, ரீல் கீழே தொங்கியது. மூட்டை தொப்பென்று விழுந்தது.

அவள் வந்து கோலை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடியைத் திருகி ஒரு விரற்கடை மேலே தள்ளினாள். அடியில் தெரிந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

தேன்மெழுகு அந்தப் பட்டறையில் ஒரே ஒரு மேசையில்தான் உண்டு.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. படகுக்காரரைப் பார்த்து, "என் தப்புதாங்க. சரியாத் துடைக்காம ஒட்டிட்டேன்" என்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அங்கே மட்டும் பசை நன்றாகப் பிடித்தது.

"நல்லவேளைக்கா, இங்கேயே தெரிஞ்சுது" என்றார் படகுக்காரர். "பெரிய மீன் மாட்டின நேரத்துல இப்படி ஆகியிருந்தா வந்தவங்க என்னைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பாங்க. அண்ணே, தக்கையே போட்டுடுங்க. வழுக்கினாலும் கழண்டு வராதுல்ல."

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. படகு பூராவும் சிவப்பு நூல்.

வீட்டில் சண்டை வரும் என்று காத்திருந்தார். வந்தால் பரவாயில்லை, திட்டினால் தேவலாம், தட்டைத் தூக்கி எறிந்தால் இன்னும் நல்லது என்றிருந்தது. அவள் எப்போதும் போலத் தட்டு வைத்தாள், இன்னும் வேண்டுமா என்று கேட்டாள், விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் தன் நூல் மேசையில் போய் உட்கார்ந்தாள். பச்சைக் கண்டை எடுத்து மற்ற கண்டுகளோடு பெட்டியில் போட்டுவிட்டாள். "அக்கா இருக்காங்களா?" என்று வந்தவர்களிடம், "பிடி வேலை அவருதாங்க பாக்கறார்" என்று சொல்லி அனுப்பினாள்.

"மத்தவங்களுக்கு நீ போடேன்" என்றார் அவர், பாதிக் குரலில்.

"எனக்கு வளைய வேலையே நிறைய கிடக்கு."

படகுக்காரர் வேலை தொடங்கியது. தக்கையை இழைத்து வைத்துவிட்டு, முதல் கோலை ஸ்பிரிட்டால் துடைத்தார். நன்றாக, ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்துத் தாங்கியில் காயவைத்தார். அவள் எழுந்து வந்தாள். சுத்தமான துணியை எடுத்து, ஸ்பிரிட்டை ஊற்றி, அதே கோலை மேலிருந்து கீழாக மறுபடியும் துடைத்தாள். வெறும் விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த கோல். அவர் துடைத்தார். அவளும் வந்து துடைத்தாள். அதற்கடுத்ததும் அப்படியே.

டீ கொண்டுவந்த மச்சினன் இதைப் பார்த்துவிட்டு, "பாருங்க மாமா, ஒரு தடவ தப்பு பண்ணிட்டு எங்கக்காவுக்கு எவ்வளவு ஜாக்கிரதை வந்துடுச்சு!" என்று சொல்லிக்கொண்டே முன்கடைக்குப் போனான்.

தக்கைக்காரருக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கோலுக்காக அவள் துணியோடு வந்தபோது, "நான்தான் துடைச்சிட்டேனே" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள், துடைப்பதை நிறுத்தாமலே. "அன்னிக்கு நானும் துடைச்சிருந்தேன்."

துணியை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.